ஸ்டேஜ் கணக்கு பிறந்த ஆஸ்பத்திரி

"டாக்டரம்மா, எத்தனாவது ஸ்டேஜ்?"

பெருங்குடலில் புற்று என்று ரிப்போர்ட் வந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அரசு ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் உறவுக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நோயாளியை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு, மகனோ மருமகளோ மட்டும் உள்ளே வந்து தணிந்த குரலில் கேட்பார்கள். மூன்று என்றால் முகம் செத்துவிடும். நான்கு என்றால் பேச்சே நின்றுவிடும். நாள் குறித்துக் கொடுத்த சீட்டைப் போல அந்த எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த எண் நாள் குறிப்பதற்காகப் பிறந்ததல்ல. எங்கே பிறந்தது, யார் உண்டாக்கினார்கள், எதற்காக உண்டாக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், புதிதாக நோய் தெரியவந்தவர் தன் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தெளிவோடு படிக்க முடியும். அதற்கு லண்டனில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1835-ல் ஃபிரெடெரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். மூலம், பவுத்திரம் முதலான மலக்குடல் நோய்களால் அவதிப்படும் ஏழைகளுக்கான இடம் அது. பெரிய மருத்துவமனைகளில் இந்த நோய்களுக்கு மதிப்பில்லை. நோயாளிக்கும் வெளியே சொல்லக் கூச்சம். ஆனால் நோய் ஏழை பணக்காரர் பார்த்து வருவதில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கே 1841-ல் சால்மன்தான் பவுத்திர அறுவை செய்தார். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. இடம் போதாமல் மருத்துவமனை சிட்டி ரோட்டுக்கு மாறி, 1854 ஏப்ரல் 25 அன்று புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அன்று புனித மாற்குவின் திருநாள். அதனால் செயின்ட் மார்க்ஸ் என்று பெயராயிற்று.

அந்தக் கூச்சம் நம் ஊரிலும் இன்றுவரை போகவில்லை. மலத்தில் ரத்தம் கண்டவர்களில் பலர், மூலம் பவுத்திரம் என்று போர்டு மாட்டிய இடங்களுக்கே முதலில் போகிறார்கள். களிம்பும் லேகியமுமாக மாதங்கள் ஓடிய பிறகு எங்கள் மேசைக்கு வந்த குடல்கள் பல. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தமோ, காரணம் தெரியாத சோகையோ, மலம் போகும் வழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றமோ இருந்தால் குடலுக்குள் பார்த்துத்தான் ஆகவேண்டும். நாற்பதுக்குக் கீழே என்பதற்காகவும் அதைத் தள்ளிவிடக் கூடாது. இளம் வயதினரிடமும் இந்த நோயைப் பார்க்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடல் புற்றுக்கு அறுவை செய்து மீண்டவர்கள் அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நிலைமை எப்படி இருந்தது என்பதை எர்னெஸ்ட் மைல்ஸ் என்ற லண்டன் அறுவை மருத்துவர் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மலக்குடல் புற்றைக் கீழ்வழியாக மட்டும் எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. ஏன் திரும்புகிறது என்று அவர் பிரேதப் பரிசோதனைகளில் தேடினார். கட்டியை எடுத்த இடத்துக்கு மேலே, குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களை ஒட்டியுள்ள நிணநீர் முடிச்சுகளில் நோய் மிஞ்சிக் கிடந்தது. கட்டியோடு அது பரவும் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்து, வயிற்றுவழியும் கீழ்வழியுமாகச் செய்யும் பெரிய அறுவையை 1908-ல் வெளியிட்டார். முதலில் அப்படி அறுவை செய்துகொண்ட 12 பேரில் 5 பேர் அறுவையின் விளைவாகவே இறந்தார்கள். ஆனாலும் அவர் சொன்ன கருத்து நிலைத்தது. இன்றைக்கும் பெருங்குடல் புற்றுக்கு அறுவை என்றால், கட்டி இருக்கும் துண்டோடு அதைச் சார்ந்த கொழுப்பையும் நாளத்தையும் முடிச்சுகளையும் ஒரே தொகுப்பாக எடுப்பதுதான். "இத்தனூண்டு கட்டிக்கு ஏம்மா இவ்வளவு நீளம் வெட்டிட்டாங்க?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுவே.

இப்படி எடுத்த குடலை அதன் பிறகு என்ன செய்வது? 1922-ல் செயின்ட் மார்க்ஸில் நோய்க்குறியியலாளராகச் சேர்ந்த கத்பர்ட் டியூக்ஸ் அந்த வேலையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அறுவைக்கூடத்திலிருந்து வந்த ஒவ்வொரு குடலையும் விரித்து, கட்டி சுவரில் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எது எங்கே இருந்தது, எதில் நோய் இருந்தது என்று குறித்துவைத்தார்.

இந்த வேலை எனக்குக் கைவந்த வேலை. குடலை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கழுவி, பலகையில் ஊசி குத்தி விரித்து, ஃபார்மலினில் ஓர் இரவு ஊறவிடுவோம். மறுநாள் வெட்டுமுனைகளுக்கும் வெளிப்பரப்புக்கும் மை தடவி, கட்டியின் குறுக்கே மெல்லிய சீவல்களாக வெட்டுவோம். கொழுப்புக்குள் முடிச்சுகளைக் கண்ணால் தேட முடியாது. விரல்நுனியால் பிசைந்து பிசைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். மிளகளவு முடிச்சுகூடத் தப்பக் கூடாது. குறைந்தது 12 முடிச்சுகளாவது தேடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய விதி. அதற்குக் குறைவாகப் பார்த்துவிட்டு "முடிச்சில் நோய் இல்லை" என்று எழுதினால், அந்தச் சொல்லுக்கு வலுவில்லை. உங்கள் வீட்டாரின் அறுவை ரிப்போர்ட்டில் எத்தனை முடிச்சு பார்த்தார்கள், அதில் எத்தனையில் நோய் என்ற வரி இருக்கும். முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

டியூக்ஸ் தான் பார்த்தவற்றை 1932-ல் மூன்றே எழுத்துகளில் வகுத்தார். நோய் குடல் சுவருக்குள் அடங்கியிருந்தால் ஏ. சுவரைத் தாண்டி வெளியே வந்திருந்து, முடிச்சுகளில் இல்லையென்றால் பி. முடிச்சுகளிலும் இருந்தால் சி. அதே ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் லாக்கார்ட்-மம்மரி அதற்கு முன்பே ஓர் எழுத்து வகுப்பை முயன்று பார்த்திருந்தார். டியூக்ஸ் அதற்கு உடற்கூறின் உறுதியைக் கொடுத்தார். மலக்குடலுக்காகச் செய்த வகுப்பு விரைவிலேயே பெருங்குடலுக்கும் விரிந்தது. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு டி (D) என்ற எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். இந்திய மருத்துவ மாணவர்கள் எல்லாரும் இதைப் படித்துத்தான் தேறினோம். வைவாவில் கேட்கப்படாத ஆண்டே கிடையாது.

எழுத்துகளை வகுத்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆண்டுக்கணக்கில் தேடித் தேடிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். இதில் டியூக்ஸுக்கு வலதுகையாக இருந்தவர் எச்.ஜே.ஆர். பஸ்ஸி. பதின்ம வயதில் ஆய்வக உதவியாளராக வந்து சேர்ந்தவர், மருத்துவம் படித்தவரல்லர். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பதிவேடுகளைக் காத்தார். இருவரும் சேர்ந்து 1958-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். வேறு காரணங்களால் நேர்ந்த மரணங்களைக் கழித்துப் பார்த்தால், ஏ வகுப்பில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஐந்தாண்டைக் கடந்திருந்தார்கள். பி வகுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர். சி வகுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

முடிச்சுக்கு நோய் வந்த பிறகும் மூன்றில் ஒருவர் பிழைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கீமோதெரபி இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, வெறும் கத்தியும் தையலும் மட்டுமே இருந்த காலத்துக் கணக்கு அது. வீட்டில் யாரோ கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டும் பழைய அட்டவணையைப் பார்த்து ஒடிந்துபோகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அந்த எண்கள் முன்னே போனவர்களுடைய கணக்கு. அவர்களுக்குக் கிடைக்காத மருந்து உங்களுக்குக் கிடைக்கிறது.

அந்த மருந்தின் கதையும் இந்த எழுத்துகளோடு பின்னியதுதான். 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் 5-ஃபுளோரோயுராசில் என்ற மருந்தை உருவாக்கினார். அறுவைக்குப் பிறகு அதைக் கொடுத்தால் பலன் உண்டா என்பது வெகுகாலம் தீராத கேள்வியாகவே இருந்தது. எந்த நோயாளியை எந்த நோயாளியோடு ஒப்பிடுவது என்று தெரிந்தால்தானே மருந்தைச் சோதிக்க முடியும்? ஸ்டேஜ் அங்கேதான் கைகொடுத்தது. டியூக்ஸ் சி நோயாளிகளைத் தனியாக எடுத்துக்கொண்டு சார்லஸ் மோயர்டெல் குழுவினர் செய்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. அந்த மருந்தை லெவாமிசோலோடு சேர்த்துக் கொடுத்ததில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2004-ல் வந்த மொசைக் என்ற ஆய்வு, லெவாமிசோலின் இடத்துக்கு வந்துவிட்ட லியூகோவோரினோடு ஆக்சாலிபிளாட்டினையும் சேர்த்துக் கொடுத்தால் மேலும் நல்லது என்று காட்டியது. சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடங்களில் இன்று மூன்றாம் நிலையில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள்.

இப்போது ரிப்போர்ட்டில் ஏ, பி, சி அநேகமாக இருக்காது. டி3 என்1 எம்0 (T3 N1 M0) என்பதுபோல எழுதியிருக்கும். இது பிரான்ஸில் பியர் தெனுவா 1940-களில் தொடங்கிய முறை. டி என்பது கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது. டி1, டி2 என்றால் தசை அடுக்கைத் தாண்டவில்லை. டி3 என்றால் தாண்டிக் கொழுப்புக்குள் வந்துவிட்டது. டி4 என்றால் குடலின் வெளிப்போர்வையையோ பக்கத்து உறுப்பையோ தொட்டுவிட்டது. என் என்பது நிணநீர் முடிச்சு: என்1 என்றால் ஒன்று முதல் மூன்று முடிச்சு வரை, என்2 என்றால் நான்கும் அதற்கு மேலும். எம் என்பது கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவிடங்கள். இந்த மூன்றையும் கூட்டினால்தான் ஒன்றிலிருந்து நான்கு வரையிலான ஸ்டேஜ் வரும். முடிச்சிலும் தொலைவிலும் நோயில்லாமல் டி1, டி2 என்றால் ஒன்று. டி3, டி4 என்றால் இரண்டு. முடிச்சில் இருந்தால் மூன்று. தொலைவில் இருந்தால் நான்கு. டியூக்ஸின் ஏ, பி, சி ஏறக்குறைய முதல் மூன்றாக அதற்குள் உயிரோடு இருக்கின்றன.

ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் கிள்ளி எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் இருக்க முடியாது. அது அரிசிமணி அளவுத் துணுக்கு. அடினோகார்சினோமா என்று நோயின் பெயரைச் சொல்லும். "மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட்" என்று செல்களின் தோற்றத்தைச் சொல்லும். அது கிரேடு, ஸ்டேஜ் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சி.டி. ஸ்கேனுக்குப் பிறகு ஒரு தோராயமான ஸ்டேஜ் சொல்வார்கள். அறுவைக்குப் பிறகு எங்கள் மேசையிலிருந்துதான் உறுதியான ஸ்டேஜ் வரும். முதல் வாரத்திலேயே அதைக் கேட்டு மனம் உடைந்துபோக வேண்டியதில்லை. நான்கு என்றே வந்தாலும் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை. கல்லீரலில் மட்டும் சில இடங்களில் நோய் இருந்து, அவற்றையும் வெட்டி எடுத்து, குணமாகி வாழ்கிறவர்கள் உண்டு.

அடுத்து குடும்பத்தார் கேட்பது, "பிள்ளைகளுக்கும் வருமா?"

இதற்கான பதிலிலும் செயின்ட் மார்க்ஸுக்குப் பங்கிருக்கிறது. குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப் என்னும் சிறு சதைமொட்டுகள் முளைக்கும் ஒரு நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதை லாக்கார்ட்-மம்மரி 1925-ல் எழுதினார். அந்தக் குடும்பங்களுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கியது. அதைக் காத்து வளர்த்தவரும் பஸ்ஸிதான். அவருக்கு முதிர்ந்த வயதில் முனைவர் பட்டம் தேடித்தந்ததும் அந்த வேலையே. 1975-ல் அது புத்தகமாயிற்று. அந்த நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. (APC) மரபணுவை 1991-ல் கண்டுபிடித்தார்கள்.

பாலிப் இல்லாமலும் குடும்பத்தில் வரும் வகை வேறு. 1895-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்குறியியலாளரிடம் அவருடைய தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்திருக்கிறார்கள், தனக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-ல் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, 1960-களில் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் வேறு குடும்பங்களில் அதையே கண்டார். அவர் பெயரால்தான் அது லிஞ்ச் சிண்ட்ரோம். தையற்காரப் பெண்ணின் வம்சத்தில் ஓடிய மரபணுப் பிழை இன்னதென்று 2000-ல் தெரிந்தது. இன்றைய ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. என்று ஒரு சோதனை இருக்கும். செல்லின் மரபணுப் பழுதுபார்க்கும் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. கெட்டிருந்தால் குடும்பத்தில் வருவதா என்று மேலும் பார்ப்பார்கள். அதோடு, அப்படிப்பட்ட கட்டி முற்றிய நிலையில் இருந்தாலும் நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு நன்றாகப் பணியும் என்று 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை.

பெரும்பாலான பெருங்குடல் புற்று இந்த இரண்டு வகையிலும் சேராதது. ஆனால் அதுவும் அநேகமாகச் சிறிய பாலிப்பாகத்தான் தொடங்குகிறது. டியூக்ஸுக்குப் பிறகு செயின்ட் மார்க்ஸ் ஆய்வகத்துக்கு வந்த பேசில் மார்சன் அதை விரிவாக நிறுவியவர். பாலிப் புற்றாக மாற ஆண்டுகள் பல ஆகின்றன. அதற்குள் எடுத்துவிட்டால் புற்றே வராது. எடுப்பதற்கு வழி பிறந்ததில் ஓர் இந்தியருக்கும் பங்குண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளின் கட்டு வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் வெளியிட்டார். வளைந்து செல்லும் எண்டோஸ்கோப் அதிலிருந்து வளர்ந்தது. 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வயிற்றைக் கிழிக்காமல் கொலனோஸ்கோப் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டுப் பாலிப்பை எடுத்தார்கள்.

வெளியே சொல்லாமல் பலர் மனத்துக்குள் வைத்து மருகும் இன்னொரு பயம், வயிற்றில் பை மாட்டுவது. பெருங்குடல் புற்று அறுவையில் பெரும்பாலானோருக்கு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். நிரந்தரப் பை சிலருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் மலக்குடலின் அடிப்பகுதியில் நோய் இருப்பவர்களுக்கு. மைல்ஸின் நோயாளிகளுக்குத் துணியும் பட்டையும்தான் கிடைத்தன. இன்று நாம் காணும் ஒட்டும் பை டென்மார்க்கில் எலிஸ் சோரென்சன் என்ற செவிலியர் 1954-ல் யோசித்தது. அறுவைக்குப் பிறகு வெளியே போகவே அஞ்சிய தன் தங்கைக்காக அதை வடிவமைத்தார். அந்தப் பையோடு வேலைக்குப் போகிறவர்களையும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

செயின்ட் மார்க்ஸ் 1995-ல் சிட்டி ரோட்டை விட்டு ஹாரோவுக்குப் போய்விட்டது. ஆனால் டியூக்ஸும் பஸ்ஸியும் உண்டாக்கிய வழக்கம் உலகத்தின் ஒவ்வொரு ஆய்வக மேசையிலும் நடக்கிறது. ஒருவருடைய குடலை முழு அக்கறையோடு பார்த்து எழுதி, அவரைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போய், அவருக்கு நடந்ததை அடுத்தவரின் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது என்ற வழக்கம் அது. ஸ்டேஜ் என்பது அந்த அக்கறையின் கணக்கு. எத்தனை நாள் என்று அது சொல்லாது. நோய் எங்கே நிற்கிறது, இனி எந்தச் சிகிச்சை என்பதைச் சொல்லும்.

ஆகவே புதிதாக நோய் தெரியவந்தவர் வீட்டில் செய்யவேண்டியவை சில. ரிப்போர்ட்டின் அசல், ஸ்லைடு, மெழுகுக் கட்டி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும், பின்னால் புதுச் சோதனை செய்யவும் அவை வேண்டும். டி, என், எம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவரை உள்ளே கூட்டி வாருங்கள். உடம்பு அவருடையது, கேட்கும் உரிமையும் அவருக்குத்தான் முதலில். கூடப் பிறந்தவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் நோயை மறைக்காமல் சொல்லுங்கள். நாற்பது வயதிலோ, நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது அவர்கள் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒருவருக்கு வந்த நோயால் மற்ற மூவருக்கு வராமல் தடுக்க முடியும். நூறாண்டுப் பதிவேடுகள் நமக்குத் தந்திருக்கும் ஆகப் பெரிய பயன் அதுதான்.